புதன்கிழமை மிஸ்ஸும் 3,500 ரூபாயும்

2024 அக்டோபர், காலாண்டு லீவ் நாட்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் சாயங்காலம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாங்க. "அண்ணா, சென்ட்ரல் கவர்மெண்ட் ஸ்கூலுக்குக் காசு தர மாட்டேன்னுட்டாங்களாம், பேப்பர்ல போட்டிருக்காம். அப்ப புதன்கிழமை மிஸ் வர மாட்டாங்களா?"

புதன்கிழமை மிஸ் யாரென்று சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவின் பையனுக்கு அப்போது 9 வயது. அறிவுசார் குறைபாடு இருக்கிறது, நடையும் கொஞ்சம் தடுமாறும். பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மற்ற நாட்களில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பான். புதன்கிழமை மட்டும் அவனுக்கென்று ஒருத்தர் வருவார். சட்டைப் பொத்தான் போட, தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எழுத, காசை அடையாளம் காண சொல்லிக்கொடுப்பார். அந்த மிஸ் புண்ணியத்தில் 10 ரூபாய் நாணயத்தை எதற்குள் போட்டுக் கலந்தாலும் பையன் கண்டுபிடித்துவிடுவான். ஊரில் பாதிக் கடைக்காரர்கள் அந்த நாணயத்தை வாங்கவே மாட்டேன் என்பது வேறு கதை.

"பார்த்துச் சொல்றேம்மா" என்றேன். சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவனிடம் ஊரே இப்படித்தான் கேள்வி கேட்கும், கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கும் என்று. நிஜமாகவே எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்துத் தேட ஆரம்பித்தேன், பல மாதம் ஆயிற்று. அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இவை.

முதலில் ஒரு சொல் விஷயம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையில் 'சிறப்பாசிரியர்' என்று தேடினால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர்கள் வருவார்கள். நாம் தேடுகிற ஆளுக்குப் பெயர் 'சிறப்புப் பயிற்றுநர்'. 'ஆசிரியர் பயிற்றுநர்' என்று தேடினால் அதுவும் வேறு ஆள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். முதல் இரண்டு நாள் நான் தப்பான ஆட்களைப் பற்றிய அரசாணைகளைத்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தப் பெயர் வித்தியாசம் வெறும் பெயர் வித்தியாசம் இல்லை, பின்னால் வருகிறேன்.

சிறப்புப் பயிற்றுநர் ஆவது லேசுப்பட்ட காரியமும் இல்லை. சிறப்புக் கல்வியில் பட்டயமோ பி.எட்.டோ முடித்து, 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் இந்த வேலை செய்யக்கூடாது. திருச்சிக்கு இந்தத் துறையில் நல்ல பெயர் உண்டு. ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு மையம் இருக்கிறது. புத்தூரில் பார்வைக் குறைபாடுள்ள பெண் குழந்தைகளுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. ஆகப் படித்த ஆளுக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் எங்கே என்றுதான் பணத்தின் பாதையைப் பின்தொடர்ந்தேன்.

பாதை ஒரு தலைக்கணக்கில் தொடங்குகிறது. பள்ளித் தலைமையாசிரியர் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் ஏற்றுகிறார். அதில் குறைபாட்டு வகைக்கு ஒரு கட்டம். நாடு முழுக்க இதே மாதிரித் தகவல் யுடைஸ் என்ற தரவுத்தொகுப்பில் சேர்கிறது. அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால் அந்தக் குழந்தைக்கு மத்திய, மாநில அரசுகளின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்‌ஷாவில், ஒரு இடம். காலியாக இருந்தால் இல்லை. எங்கள் தொழிலில் இதை 'நல்' என்போம். மதிப்பு பூஜ்யம் என்றால்கூட ஒரு பதிவு இருக்கும். நல் என்றால் பதிவே கிடையாது.

கட்டம் நிரம்புவதற்கு மருத்துவ முகாம், மதிப்பீடு, சான்றிதழ், யுடிஐடி அட்டை. கண் தெரியாத, காது கேட்காத, நடக்க முடியாத குழந்தைகள் ஓரளவு இந்த வழியில் கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள். நன்றாகப் பேசி, ஓடியாடி, ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் திணறும் குழந்தையை "மக்கு", "கவனம் பத்தாது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பது 2016 சட்டத்தில்தான் பட்டியலில் ஏறியது. 1995 சட்டத்தில் 7 வகை, 2016 சட்டத்தில் 21.

2021-22 யுடைஸ் கணக்குப்படி நாடு முழுக்கப் பள்ளிகளில் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் 22.67 லட்சம். மொத்த மாணவர்கள் 25.5 கோடிக்கு மேல். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லா வயதும் சேர்த்து 2.21 சதவீதம். வயதாக ஆகக் குறைபாடு கூடும் என்பதால் இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் வகுப்பறையில் சில வருஷம் நின்ற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் நூற்றுக்கு ஒன்று என்பதை நம்பமாட்டார்.

சரி, கட்டம் நிரம்பிய குழந்தைக்கு என்ன கிடைக்கும்? 3,500 ரூபாய். மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. 2018-ல் சமக்ர சிக்‌ஷா வந்தபோது வைத்த வரம்பு இது. பெண் குழந்தை என்றால் கூடவே மாதம் 200 ரூபாய், பத்து மாதத்துக்கு. 3,500-ஐ 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 9 ரூபாய் 59 காசு. எதிர் வீட்டுப் பையன் கண்டுபிடிக்கிற அந்த நாணயத்தில் ஒன்றுகூட முழுசாக வராது.

இந்த 3,500-ஐ யாரும் கவரில் போட்டுக் கொடுப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். இது பட்ஜெட் போடுவதற்கான அலகு. இத்தனை குழந்தை, தலைக்கு இவ்வளவு என்று பெருக்கி வரும் தொகைக்குள் மதிப்பீட்டு முகாம், சக்கர நாற்காலி, காதுகேள் கருவி, பிரெயில் புத்தகம், போக்குவரத்துப்படி, துணைக்கு வருபவருக்கான படி எல்லாவற்றையும் திட்டமிடுவார்கள். உபகரணங்களில் பெரும்பகுதி கான்பூரில் 1972-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ வழியாக வருகிறது. சிறப்புப் பயிற்றுநர் சம்பளத்துக்கு நிதியுதவி என்று இன்னொரு வரியும் திட்டத்தில் உண்டு.

இந்தத் தலைக்கணக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் அரை நூற்றாண்டு பின்னால் போகவேண்டியிருக்கிறது. 1974-ல் மத்திய அரசு 'ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதுவரை இது மிஷனரிகளும் அறக்கட்டளைகளும் பார்த்துக்கொள்ளும் வேலை. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பள்ளிகள் வந்துவிட்டன என்றால் அது மிஷனைச் சேர்ந்த பெண்களின் உழைப்பு. 1974 திட்டத்தில் இன்னொரு வேடிக்கை, அது கல்வித்துறையிலேயே இல்லை. சமூகநலத்துறையில் இருந்தது. 1982-ல்தான் கல்விக்கு மாறியது. குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போவது நலத்திட்டமாகத்தான் பார்க்கப்பட்டது.

2001-ல் சர்வ சிக்‌ஷா அபியான் வந்தபோது தலைக்கு 1,200 ரூபாய். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு அது 3,000 ஆனது. 2018-ல் 3,500. அதாவது 3,000-க்கும் 3,500-க்கும் நடுவே எட்டு வருஷம், ஏற்றம் 500 ரூபாய். அந்த எட்டு வருஷத்தில் திருவானைக்கோவில் நெய் தோசை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குப் போனது என்று திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

3,000 ரூபாய்க் காலத்து விதிமுறையில் ஒரு வரி என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. அந்த 3,000-ல் குறைந்தது 1,000 ரூபாயைச் சிறப்புப் பயிற்றுநரை அமர்த்துவதற்கு மட்டுமே செலவு செய்யவேண்டும் என்கிறது அது. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான், சக்கர நாற்காலி வாங்கியே பணத்தைத் தீர்த்துவிடக்கூடாது என்று. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒருவருக்கு மாதம் 15,000 சம்பளம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,80,000. தலைக்கு 1,000 என்றால் ஒரு பயிற்றுநருக்கு 180 குழந்தைகள் வேண்டும். ஒவ்வொரு குழந்தையையும் வாரம் ஒரு முறை பார்க்கவேண்டும் என்றால் ஐந்து நாளில், நாளைக்கு 36 பேர். ஆறு மணி நேர வேலை என்றால் ஒரு குழந்தைக்கு 10 நிமிஷம். அதிலும் அந்த 36 பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நிஜத்தில் அவர்கள் பத்துப் பதினைந்து பள்ளிகளில் சிதறி இருப்பார்கள். நடுவில் பஸ் பிடிக்கிற நேரம் இந்தக் கணக்கிலேயே இல்லை.

'வாரத்துக்கு ஒரு நாள் வரும் மிஸ்' என்ற ஏற்பாடு இப்படி ஒரு வகுத்தல் கணக்கிலிருந்து பிறந்தது. குழந்தைக்கு எவ்வளவு நேரம் தேவை என்று யோசித்து யாரும் புதன்கிழமையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த மிஸ்ஸுக்குத் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளியில் வேறு பள்ளிகள். நடுவில் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கும் குழந்தைகளைப் பார்க்கவும் போகவேண்டும். வீட்டுவழிக் கல்வி என்று அதற்குப் பெயர். கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-ல் வந்த திருத்தம் கடுமையான, பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது. அவர் ஒரு ஸ்கூட்டி வைத்திருக்கிறார். பெட்ரோல் அவர் காசு.

இப்போது சம்பளத்துக்கு வருவோம், எதிர் வீட்டு அம்மாவின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சாதாரண இடைநிலை ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உட்கார்ந்திருப்பது ஒரு 'பணியிடத்தில்'. அரசாணை போட்டு உருவாக்கிய இடம் அது. அவர் ஓய்வு பெற்றாலும் இடம் இருக்கும், இன்னொருவர் வருவார். சம்பளம் கருவூலம் வழியாகப் போகும். டெல்லியில் என்ன சண்டை நடந்தாலும் மாசக் கடைசியில் வங்கியில் விழுந்துவிடும்.

சிறப்புப் பயிற்றுநர் இருப்பது ஒரு 'திட்டத்தில்'. மாவட்டம் ஒரு வருடாந்தரத் திட்டம் போடுகிறது, மாநிலம் தொகுக்கிறது, டெல்லியில் திட்ட ஒப்புதல் குழு கூடி வரி வரியாகப் பார்த்து ஒப்புதல் தருகிறது. மத்திய அரசு 60, மாநிலம் 40. பணம் தவணை தவணையாக வரும். அந்தத் திட்டத்தில் ஒரு வரிதான் புதன்கிழமை மிஸ். தொகுப்பூதியம், வருஷா வருஷம் நீட்டிப்பு. திட்டத்தின் பெயர் மாறினால் அவரது அலுவலகத்தின் பெயர்ப்பலகையும் மாறும். சர்வ சிக்‌ஷா அபியான் போய் சமக்ர சிக்‌ஷா வந்தது, இடைநிலைக் கல்விக்கு 2009-ல் வந்த தனித் திட்டமும் இடையில் கரைந்து போனது. பள்ளி அப்படியே இருக்கிறது, குழந்தையின் குறைபாடும் அப்படியே இருக்கிறது. நடுவில் இருக்கும் ஆள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற சந்தா மாதிரி.

2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான தொகை 3,586 கோடி. அதில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு 2,152 கோடி. முதல் தவணை 573 கோடி வரவேண்டியது வரவில்லை. காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பி.எம். ஸ்ரீ. 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரிப் பள்ளித் திட்டம் அது. அதன் ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் வாசகம் இருந்தது, தமிழ்நாடு அந்த வாசகத்தோடு கையெழுத்துப் போட மறுத்தது. அதற்காக சமக்ர சிக்‌ஷா பணம் நின்றது. 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த செப்டம்பர் மாதச் சம்பளம் திட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தாமதமானது. அதைத்தான் எதிர் வீட்டு அம்மா கேள்விப்பட்டிருக்கிறார். பிறகு மாநிலம் தன் கையிலிருந்து போட்டு ஓட்டியது. 2025 மே மாதம் அரசியல் சாசனத்தின் 131-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, வட்டியோடு 2,291 கோடி கேட்டது. ஜூனில் அவசரமாக விசாரிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

மும்மொழி, இருமொழி விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. அதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் படுகிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தையின் படிப்பு யாரோ விரும்பிக் கொடுக்கும் பரிசு இல்லை. 2016 சட்டத்தின் 31-ஆவது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை தருகிறது. அது நாடாளுமன்றம் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை நிறைவேற்றும் பணத்தை, சட்டமே இல்லாத ஒரு கொள்கை ஆவணத்தின் மீதான தகராறுக்காக நிறுத்துவது சரியில்லை. அந்தக் கொள்கை ஆவணமே உள்ளடக்கிய கல்வி வேண்டும் என்றுதான் பேசுகிறது, அது இன்னொரு கூத்து.

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன். பணியிடத்தை உருவாக்கும் அதிகாரம் டெல்லியில் இல்லை, சென்னையில் இருக்கிறது. திட்டம் தொடங்கி இருபது வருஷத்துக்கும் மேலாக, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்திலேயேதான் இருந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு டி.பி.ஐ. வளாகத்தில் அவர்கள் உட்காராத வருஷம் குறைவு. திட்டத்தில் வைத்திருந்தால் செலவில் 60 பங்கு டெல்லி கொடுக்கும். பணியிடம் ஆக்கினால் சம்பளமும், பின்னால் ஓய்வூதியமும் நம் தலையில். இந்தக் கணக்கு எல்லா மாநிலங்களுக்கும் சௌகரியமாக இருந்திருக்கிறது. ஒரு நாள் டெல்லி குழாயை மூடியபோதுதான் அந்த சௌகரியத்தின் விலை தெரிந்தது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்துச் சிறப்பு ஆசிரியர்கள் போட்ட ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரமே இதுதான். ஒப்பந்தத்தில், சுற்றிவரும் ஆளாக வைத்து ஒப்பேற்றக் கூடாது, எத்தனை குழந்தைக்கு ஒரு ஆசிரியர் என்று விகிதம் நிர்ணயித்து நிரந்தரப் பணியிடம் உருவாக்குங்கள் என்றது. 2022 செப்டம்பரில் மத்திய அரசு அந்த விகிதத்தை அரசிதழில் வெளியிட்டது. தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். 2025 மார்ச் 7-ஆம் தேதி அதே வழக்கு மறுபடி வந்தபோது, மாநிலங்கள் இன்னும் நியமனம் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு, மூன்று வாரத்தில் பணியிட எண்ணிக்கையை அறிவிக்கச் சொன்னது நீதிமன்றம். பல வருஷமாக ஒப்பந்தத்தில் உழைப்பவர்களின் தகுதியைப் பார்த்து எடுத்துக்கொள்ள ஒரு குழு அமைக்கவும் சொன்னது.

10 பேருக்கு ஒருவர் என்பதை என் பழைய 180 கணக்கோடு வைத்துப் பாருங்க. 10 நிமிஷம் எங்கே, தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் எங்கே.

ஸ்ரீரங்கத்தில் ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் அமெரிக்கா சம்பந்தம் இருக்கும் என்பதால் "அங்கெல்லாம் அரசாங்கமே எல்லாம் பார்த்துக்குது" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அங்கேயும் கதை அவ்வளவு நேர் இல்லை. 1975-ல் சிறப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தபோது, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று அதில் எழுதினார்கள். ஐம்பது வருஷம் ஆகியும் அதில் பாதியைக்கூட நிலையாகக் கொடுத்ததில்லை, இப்போது 15 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் முக்கியமான வித்தியாசம், அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு ஆவணம் எழுதி, பெற்றோரும் பள்ளியும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதில் வாரம் இத்தனை மணி நேரம் பேச்சுப் பயிற்சி என்று இருந்தால் அது கடன் பத்திரம் மாதிரி. வாஷிங்டன் பணம் தராவிட்டாலும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகம் எங்கிருந்தாவது புரட்டிச் செய்தே ஆகவேண்டும். இல்லையென்றால் பெற்றோர் கேள்வி கேட்க ஒரு வழிமுறை இருக்கிறது. நம் ஊரிலும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுகிறார்கள். எதிர் வீட்டுப் பையனுக்கும் ஒன்று இருந்தது, மிஸ்ஸின் பைலில். அந்த அம்மா அதைப் பார்த்ததே இல்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று பள்ளியில் யாருக்கும் தோன்றவில்லை, கேட்கலாம் என்று அவருக்கும் தெரியவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2023 ஜனவரியில்தான் 1,500-ஐ 2,000 ஆக்கினார்கள். நல்ல திட்டம், அந்த வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஒரே குழந்தை ஒரு துறையின் பார்வையில் வருஷத்துக்கு 24,000 ரூபாய், இன்னொரு துறையின் பார்வையில் 3,500 ரூபாய். 24,000 வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, 3,500 படிக்கவைக்க. 1974-ல் இது நலத்துறையில் இருந்தது என்று சொன்னேன் இல்லையா, கல்வித்துறைக்கு மாறி நாற்பது வருஷம் ஆகியும் பணம் இன்னும் முழுசாக இடம் மாறவில்லை என்று நினைக்கிறேன்.

போக்குவரத்துப்படியைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடி 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த ஆறு மாதம் 1-ஆம் நம்பர் பஸ் சுற்றிக்கொண்டு போனது. அப்போது பையனை வாரம் இரண்டு முறை ஆற்றைத் தாண்டிப் பிசியோவுக்குக் கூட்டிப்போகவேண்டியிருந்தது. தனியார் இடம், காசு கொடுத்துத்தான். பஸ் நெரிசலில் நடக்கத் தடுமாறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாமல் அந்த அம்மா ஆட்டோ வைத்தார், பிறகு வாரம் ஒரு முறை ஆக்கினார், பிறகு விட்டுவிட்டார். பாலம் திறந்த பிறகு மறுபடி முதலிலிருந்து. தலைக்கு இவ்வளவு என்று வருஷ ஆரம்பத்திலேயே முடிவாகிவிடும் பணத்தால் இப்படி நடுவில் வரும் விஷயத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. பள்ளியிலேயே தினமும் இருக்கும் ஒரு ஆள் என்றால் காலை மடக்கி நீட்டும் பயிற்சியையாவது அங்கேயே செய்யவைத்திருப்பார்.

காலாண்டு லீவ் முடிந்து பள்ளி திறந்த வாரம், புதன்கிழமை, மிஸ் வந்தார். ஸ்கூட்டியைப் பார்த்துவிட்டு அந்த அம்மா எனக்குப் போன் செய்து "வந்துட்டாங்கண்ணா" என்றார். செப்டம்பர் சம்பளம் வந்ததா என்று அந்த மிஸ்ஸிடம் அவரும் கேட்கவில்லை, பிறகு ஒருமுறை தெருவில் பார்த்தபோது நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மாதக்கணக்கில் படித்ததை அந்த அம்மாவிடம் சொல்வதற்குப் பெரும்பாடு பட்டேன். கடைசியில் இப்படிச் சொன்னேன்: "மிஸ் வர்றது கவர்மெண்டு நினைச்சா வர்றது, நினைக்கலைன்னா நிக்கிறதுன்னு இப்ப இருக்கு. அப்படி இருக்கக்கூடாதுன்னு கோர்ட் சொல்லியிருக்கு. கிளாஸ் டீச்சர் மாதிரி பர்மனென்டா போடணும்னு." அவர் யோசித்துவிட்டு, "அப்ப தினமும் வருவாங்களா?" என்றார். ஒரு பள்ளியில் பத்துக் குழந்தை கணக்கில் இருந்தால் வரலாம் என்றேன். அவன் பள்ளியில் எமிஸில் கட்டம் நிரம்பியவர்கள் நான்கு பேர். அந்தப் பள்ளியில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் திணறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும், விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இரண்டு கையும் போதவில்லை.

தனிநபர் கல்வித் திட்டத்தைப் பார்க்கக் கேட்டு ஒரு பக்கக் கடிதம் தமிழில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியருக்கு ஒன்று, வட்டார வள மையத்துக்கு ஒன்று. அவன் சான்றிதழ் தற்காலிகமானது, அடுத்த வருஷம் காலாவதி ஆகிறது, அதற்குள் மறுபடி முகாமுக்குப் போகவேண்டும். கடிதத்தின் நகலை அந்த அம்மா யுடிஐடி அட்டையோடு சேர்த்து மஞ்சப்பையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார்.